டெபியன் பேக்கேஜில் நிறுவல் படிகளின் வரிசையை மாற்றுவது எப்படி?

கேட்டவருடைய சிக்கல்: ஒரே சோர்ஸிலிருந்து இரண்டு பேக்கேஜ்கள். பேக்கேஜ் கட்டும் படிகளைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் ஓவர்ரைட்_டிஹெச்_இன்ஸ்டால் (டிஹெச் என்னும் பேக்கேஜ் கட்டும் கருவியின் ஒரு படிக்குப் பதிலாக நாமே எழுதும் பகுதி, ஓவர்ரைடு) எழுதி, அதற்குள் டிஹெச்_இன்ஸ்டாலை ஓடவிட்டு, பிறகு ஒரு கான்ஃபிக் கோப்பில் இருக்கும் பாதையை செட் (sed, கோப்பிலுள்ள எழுத்தை மாற்றுவது) கட்டளையால் திருத்துகிறார். பிழை வரவில்லை. ஆனால் கட்டி முடித்த டெப் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் பழைய பாதையே இருக்கிறது.

வரிசையில் கை வைக்காதீர்கள். செட் திருத்தியது, டிஹெச்_ஆட்டோ_இன்ஸ்டால் படி கோப்புகளை முதலில் வைக்கும் டெபியன்/டிஎம்பி அடைவில் இருக்கும் கோப்பை. டிஹெச்_இன்ஸ்டால் கோப்பை நகர்த்தாது, நகலெடுக்கும். நீங்கள் திருத்தும் நேரத்தில் நகல் டெபியன்/பேக்கேஜ்பெயர் அடைவுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று; டெப் ஆவது அந்த நகல்தான். செட் வரியை எக்ஸிக்யூட்_ஆஃப்டர்_டிஹெச்_ஆட்டோ_இன்ஸ்டால் என்ற டார்கெட்டுக்கு (ரூல்ஸில் அந்தப் படி முடிந்ததும், டிஹெச்_இன்ஸ்டாலுக்கு முன் ஓடும் பகுதி) மாற்றினால் போதும். காம்பாட் (டிஹெச் கருவிகள் எந்தப் பதிப்பு நிலையின்படி நடக்கவேண்டும் என்ற எண்) 10க்குக் கீழே இருந்தால் இந்த டார்கெட் வேலை செய்யாது, 13க்கு ஏற்றிவிடுங்கள்.

இன்னும் முன்னால் தள்ளினால் பாதுகாப்பு என்று நினைத்து எக்ஸிக்யூட்_ஆஃப்டர்_டிஹெச்_ஆட்டோ_பில்டில் டெபியன்/டிஎம்பிக்குள் கோப்பு வைப்பவர்கள் உண்டு. அடுத்து வரும் டிஹெச்_ப்ரெப் அந்த அடைவையே அழித்துவிடும்.

முழு வரிசையைப் பார்க்க, சுத்தமான சோர்ஸ் அடைவில் டிஹெச் பைனரி --நோ-ஆக்ட் ஓட்டுங்கள். எதையும் செய்யாமல் பட்டியலை மட்டும் காட்டும். அதன் பின்பாதியைக் கவனியுங்கள்: டிஹெச்_கம்ப்ரஸ், டிஹெச்_ஃபிக்ஸ்பெர்ம்ஸ், டிஹெச்_மிஸ்ஸிங், டிஹெச்_ஸ்ட்ரிப், டிஹெச்_மேக்ஷ்லிப்ஸ், டிஹெச்_ஷ்லிப்டெப்ஸ், கடைசிப் பக்கம் டிஹெச்_எம்டி5சம்ஸ். ஒரு பைனரியை டிஹெச்_ஸ்ட்ரிப்புக்குப் பின் நுழைத்தால் டீபக் தகவலோடு கனமாகவே போகும். ஷ்லிப்டெப்ஸுக்குப் பின் நுழைத்தால் அதன் லைப்ரரிச் சார்புகள் பதிவாகாது. எம்டி5சம்ஸ் கோப்புகளின் சரிபார்ப்புத் தொகையைக் குறித்துவைக்கும்; அப்படிக் குறித்த கோப்பை அதற்குப் பின் மாற்றினால் சரிபார்ப்பில் சிக்கும்.

செட்யூஐடி பிட் (நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் அனுமதி) தனிக் கதை. டிஹெச்_ஃபிக்ஸ்பெர்ம்ஸ் எல்லாக் கோப்புகளிலிருந்தும் செட்யூஐடி, செட்ஜிஐடி இரண்டையும் நீக்கும். ஆகவே அந்த பிட்டைப் போடும் சிஹெச்மோட் 4755 அதற்குப் பின்னால்தான் வரவேண்டும், அதுவும் டெபியன்/பேக்கேஜ்பெயர் அடைவில். இரண்டில் ஒன்று ஆர்க்கிடெக்சர் சாராத பேக்கேஜ் என்றால் எக்ஸிக்யூட்_ஆஃப்டர்_டிஹெச்_ஃபிக்ஸ்பெர்ம்ஸ்-ஆர்ச் என்று எழுதுங்கள். அந்த ‘-ஆர்ச்’ இல்லாவிட்டால் ஆர்க்கிடெக்சர் சாராத பேக்கேஜை மட்டும் கட்டும் --பில்ட்=ஆல் ஓட்டத்தில் பைனரி அங்கே இருக்காது, சிஹெச்மோட் தோற்று பில்ட் நின்றுவிடும். உங்கள் கணினியில் முழு பில்ட் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. --பில்ட்=எனி, --பில்ட்=ஆல் இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

ஓவர்ரைடிலேயே இதையெல்லாம் செய்யலாமே என்று சிலர் வரலாம். செய்யலாம், தவறில்லை. ஆனால் உள்ளே மூலக் கட்டளையை எழுத மறந்தால் அந்தப் படியே நடக்காது. கட்டளைக்கு ஆர்க்யுமென்ட் மாற்றவோ, படியை வேண்டுமென்றே விடவோ மட்டும் ஓவர்ரைடு வையுங்கள்.

டிஹெச் வேண்டாம், எல்லாக் கட்டளைகளையும் ரூல்ஸில் வரிசையாகக் கையால் எழுது என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். காம்பாட் 12இல் டிஹெச்_டிடபிள்யூஇசட் (டீபக் தகவலைச் சுருக்கும் படி) வரிசைக்குள் வந்தது. கையால் எழுதிய ரூல்ஸில் அது தானாக வராது; அடுத்த பராமரிப்பாளர் தலையில்தான் விடியும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெஸ்ட்டிர் மாறியை (கோப்புகளை எந்த அடைவுக்குள் நிறுவவேண்டும் என்று சொல்வது) மதிக்காத மேக்ஃபைல்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. டிஹெச்_ஆட்டோ_இன்ஸ்டால் டெஸ்ட்டிரில் டெபியன்/டிஎம்பியைக் கொடுக்கும். மேக்ஃபைல் அதைக் கண்டுகொள்ளாமல் நேரே யூஎஸ்ஆர் அடைவில் எழுதப் பார்த்து, அனுமதி இல்லை என்று விழும். உடனே ரூல்ஸில் சிபி கட்டளைகளை அடுக்க ஆரம்பிக்கிறார்கள். மேக்ஃபைலின் ஒவ்வொரு இன்ஸ்டால் வரியிலும் சேருமிடத்தின் முன் டெஸ்ட்டிரைச் சேர்த்து ஒரு பேட்ச் போடுங்கள், அதை மூல ஆசிரியருக்கும் அனுப்புங்கள்.