மார்பு அறுவைக்குப் பின் மறுபடியும் களம்: வாசகர் கேள்விகள்

மார்பகத் திசுவை நீக்கி மார்பைத் தட்டையாக்கும் அறுவை பற்றி, திருநம்பிகளும் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்) அவர்களுடைய பெற்றோரும் ஆசான்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் சொல்லும் வாரக் கணக்கு பொதுவானது. உங்களுக்கு அறுவை செய்த மருத்துவர் வேறு தேதி சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

அறுவை முடிந்து ஐந்து வாரம். தையல் ஆறிவிட்டது, வலியே இல்லை. பாக்சிங்குக்குப் போகலாமா? (மன்னார்குடி)

வேண்டாம் தம்பி. வெளியே மூடிய காயம் உள்ளே உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வெட்டித் தைத்த தோல் மூன்றாவது வாரத்தில் பழைய பலத்தில் கால்பங்கு அளவுக்குத்தான் தேறியிருக்கும். சுமார் 80 சதவீதத்தை எட்டவே மூன்று மாதம் ஆகும், முழுசாகத் திரும்புவதே இல்லை. அதற்குள் இழுபட்டால் தழும்பு அகலமாகும், அடிபட்டால் உள்ளே ரத்தம் கட்டலாம்.

அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. நடை முதல் நாளிலிருந்தே நல்லது. மூன்றாவது வாரத்துக்குப் பின், மருத்துவர் சம்மதித்தால், நிற்கும் சைக்கிள் மிதிக்கலாம். ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்காதீர்கள், கையைத் தலைக்கு மேலே நீட்டாதீர்கள். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் இதில் அடக்கம். எட்டாவது வாரம்வாக்கில் மெதுவாக ஷேடோ பாக்சிங், அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது. மூன்று மாதம் நெருங்கும்போது பஞ்ச்சிங் பேக். ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது, மூன்று மாதம் முடிந்து, மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான். அதிலும் மார்பில் குத்து வாங்குவது கடைசிப் படி. ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை பாருங்கள். வீக்கமோ தழும்பில் இழுப்போ இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

சிலம்பம் சொல்லித் தருகிறேன். என் மாணவர் ஒருவர் இந்த அறுவைக்குப் பின் திரும்பி வருகிறார். நான் எதைக் கவனிக்க வேண்டும்? (கும்பகோணம் பக்கம்)

இப்படிக் கேட்கும் ஆசான் கிடைத்தது அவருக்குப் பெரிய பலம். கம்பில்லாமல் காலடியில் தொடங்குங்கள். அப்புறம் இடுப்பு உயரத்தில் சுற்று. தலைக்கு மேல் சுழற்றுவதுதான் தழும்பை அதிகம் இழுக்கும், அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். பல வருடம் பைண்டர் (மார்பை இறுக்கித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை) கட்டி, அறுவைக்குப் பின்னும் குனிந்தே நடந்தவர்களுக்குத் தோள் முன்னால் விழுந்திருக்கும். தோள்பட்டைப் பயிற்சி தராமல் வேகம் கூட்டாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். மார்பில் மரத்த உணர்வு பல மாதம் இருக்கும், சிலருக்கு அது முழுசாகப் போவதே இல்லை. அதனால் "வலிக்கவில்லை ஆசானே" என்று அவர் சொல்வதை மட்டும் நம்பி ஆட்டத்தைத் தொடரக் கூடாது. மார்பில் அடி விழுந்தால் நிறுத்துங்கள். தனியறையில் அவரே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும். எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவருடைய அறுவை பற்றி மற்ற மாணவர்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது. என் மகனுக்கு அறுவை முடிந்து ஒரு மாதம். ஆற்றில் குளிக்கலாமா? (திருவையாறு)

காய்ந்த பொருக்கு முழுவதும் உதிர்ந்து, ஈரம் கசியும் இடம் ஒன்றுகூட இல்லை என்று ஆன பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இறங்கட்டும் அம்மா. புதுவெள்ளத்தில் வருவது வாய்க்கால் அழுக்கும் சேர்ந்த தண்ணீர், கிருமி தொற்றலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்ப்ரஷன் வெஸ்ட் (அறுவைக்குப் பின் போடும் இறுக்கமான உள்சட்டை) நனைந்துபோகும், இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு வருடமாவது தழும்பில் நேர் வெயில் படாமல் இருந்தால் கறுக்காது. தழும்பு தடித்து, அரித்து, வெட்டின கோட்டைத் தாண்டிப் பரவினால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கெலாய்டு என்ற இந்தத் தடித்த தழும்பு மார்புப் பகுதியில் எளிதாக வரும்.

அடிபட்ட பிறகு ஒரு பக்கம் மட்டும் வீங்கினால்?

உடனே மருத்துவமனை. வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்த்து உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

சிகரெட் இல்லை, வெற்றிலையோடு புகையிலை மட்டும் போடுவேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நிக்கோட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் ரத்தக் குழாயைச் சுருக்கும். எடுத்து ஒட்டிய முலைக்காம்பு ரத்த ஓட்டம் கிடைக்காமல் கருகலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் பல வாரம் அறவே வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போடுகிறேன். மாநிலப் போட்டியில் இறங்கலாமா? (திருவாரூர்)

டெஸ்டோஸ்டிரோன் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில், போட்டிக் காலம், மற்ற காலம் என்ற வித்தியாசமில்லாமல் எப்போதும் இருக்கிறது. சிகிச்சைக்காக எடுப்பவர்கள் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும், இந்தியாவில் அது நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) வழியாக. எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பதைச் சங்கத்திடம் பெயர் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊசியால் தசை வேகமாகப் பலப்படும், தசைநாண் அந்த வேகத்தில் வராது. எடையை வாரத்துக்குக் கொஞ்சமாகவே கூட்டுங்கள். மருந்துச் சீட்டு, ஹார்மோன் பரிசோதனை முடிவு, அறுவைச் சுருக்க அறிக்கை மூன்றையும் நகலெடுத்து இப்போதே ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள்.