‘ராக்கெட் கம்பெனி வேலை உறுதி’ என்பவரிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ் எம்.எஸ். படிக்க ஆசை. ஏரோ படிக்காதவளுக்கு இடம் தருவார்களா? ஒரு கன்சல்டன்சி ஆறு பல்கலைக்கழகங்களின் பட்டியலைக் கொடுத்து, ‘முடித்தால் ராக்கெட் கம்பெனியில் வேலை உறுதி’ என்று முன்பணம் கேட்கிறது. அதில் நான்கின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. விண்ணப்பிக்க என் பெயரில் ஒரு மெயில் ஐடியும் அவர்களே திறந்துவிட்டார்கள். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம்.

இடம் கிடைக்குமா என்ற கவலையை விடுங்கள். மெக்கானிக்கல்காரர்கள் ஏரோஸ்பேஸுக்குப் போவது சர்வசாதாரணம். தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், மெட்டீரியல் பாடங்கள் எல்லாம் இரண்டுக்கும் பொது. காஸ் டைனமிக்ஸ், ஃப்ளைட் மெக்கானிக்ஸ் போல ஒன்றிரண்டு விடுபட்டிருக்கும். சில துறைகள் அவற்றை இளநிலை வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு வரச் சொல்லும், அவ்வளவுதான்.

வில்லங்கம் ‘வேலை உறுதி’ என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஐட்டார் (ITAR) என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. செயற்கைக்கோளைத் தூக்கிப்போகும் ராக்கெட்டுக்கும் குண்டைச் சுமக்கும் ஏவுகணைக்கும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அந்த நாடு ராக்கெட் நுட்பத்தையும் ஆயுதக் கணக்கில் வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தைப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் வெளிநாட்டவருக்குக் காட்டினால்கூட அது ‘ஏற்றுமதி’. அதற்கு அரசு உரிமம் வேண்டும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. மாணவர் விசாவில் போகும் உங்களுக்கு உண்டு. இப்போதுதான் படித்து வெளியே வந்த ஒருவருக்காக உரிமம் வாங்க எந்தக் கம்பெனி மெனக்கெடும்?

நம்பிக்கை வரவில்லையென்றால் ராக்கெட் கம்பெனிகளின் வேலை விளம்பரங்கள் பத்தைத் திறந்து, அடிப்பகுதியை மட்டும் படியுங்கள். சம்பளம், விடுமுறை, காப்பீடு எல்லாம் சொல்லி முடித்தபிறகு, ‘யு.எஸ். பெர்சன்’ ஆக, அதாவது குடிமக்கள், கிரீன் கார்டுகாரர்கள் போன்ற தடையில்லாதவராக, இருக்க வேண்டும் என்று ஒரு வரி வரும்.

கன்சல்டன்சிச் சுவரில் கல்பனா சாவ்லா படம் மாட்டியிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அவர் 1984இல் டெக்சஸில் எம்.எஸ்., 1988இல் கொலராடோவில் பிஎச்.டி. முடித்தார். 1991இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். நாசா அவரை விண்வெளி வீராங்கனைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது 1994 டிசம்பரில். நடுவில் இருக்கும் அந்த 1991ஐ மட்டும் ஏஜென்ட்டுகள் சொல்லவே மாட்டார்கள்.

அப்படியானால் வகுப்பிலாவது விடுவார்களா என்று பயந்துவிடாதீர்கள். தாராளமாக விடுவார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பது ஊரறிந்த விஷயம், அதற்குத் தடை கிடையாது. பல்கலைக்கழக ஆய்விலும், முடிவுகளை ஒளிவுமறைவில்லாமல் கட்டுரையாக வெளியிடப்போகும் ஆய்வுக்கு விலக்கு உண்டு. ஆனால் பணம் கொடுப்பவர் ‘எங்களைக் கேட்காமல் வெளியிடக் கூடாது’ என்றோ ‘வெளிநாட்டவர் வேண்டாம்’ என்றோ கையெழுத்து வாங்கியிருந்தால் விலக்கு போச்சு. ஒரே பேராசிரியர், ஒரே கட்டடம், இரண்டு புராஜெக்ட். ஒன்றில் நீங்கள் வேலை செய்யலாம், மற்றொன்றின் அறைக்குள்கூடப் போக முடியாது. ஆக ஆய்வு என்று வந்தால் விலக்கு பல்கலைக்கழகத்துக்கு இல்லை, துறைக்கும் இல்லை, அந்தந்தப் புராஜெக்ட்டுக்குத்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும், ‘சார், அந்த யுனிவர்சிட்டியில் ஐட்டார் உண்டா?’ என்றே கேட்கிறார்கள். பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது, ‘உங்களிடம் உதவித்தொகை உள்ள ஆய்வில் வெளிநாட்டு மாணவர் சேரலாமா?’ என்று ஒரு வரி கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சரி, அந்த ஆறு பெயர்கள். அமெரிக்க மாணவரைச் சேர்த்துவிடுபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதை அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் மட்டும் விட்டுவைத்திருக்கிறது. தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம். கமிஷன் தரும் இடங்களின் பெயர்தான் இப்படிப்பட்ட பட்டியல்களில் முதலில் ஏறும். ஏரோஸ்பேஸுக்குப் பெயர்போன பர்டூ, ஜார்ஜியா டெக், மிச்சிகன் ஏன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். ‘உங்கள் ப்ரொஃபைலுக்கு ரிஸ்க்’ என்பார்கள்.

‘ஏன் படிக்க வருகிறேன்’ என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரைதான் எஸ்.ஓ.பி. அவர்கள் எழுதித் தரும் எஸ்.ஓ.பி.யையும் தொடாதீர்கள். சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று விமானத்தைப் பார்த்து மெய்ம்மறந்த பிள்ளைகள் எத்தனை பேரை நான் படித்திருக்கிறேன் தெரியுமா! உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் எந்தக் கணக்கு உதைத்தது, என்ன மாற்றினீர்கள், அப்புறம் என்ன வந்தது என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் போனால் பேராசிரியர் ‘நீயே எழுதிக் கொண்டுவாம்மா’ என்பார். இந்த அசிங்கம் என்றைக்குத்தான் ஒழியுமோ. உங்களோடு புராஜெக்ட்டில் உண்மையாக உட்கார்ந்தவரையே தேடிப் பிடியுங்கள், பதவி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆகஸ்ட் சேர்க்கைக்குப் பெரும்பாலும் முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே கடைசித் தேதி வந்துவிடும். மார்க் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கப் பல்கலைக்கழக ஜன்னல்களில் அலையவேண்டிய நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக அந்த மெயில் ஐடி. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு உதவித்தொகைக் கடிதம் ஏஜென்ட் வைத்திருந்த மெயிலுக்கு வந்து, பதில் சொல்லும் கெடு முடியும்வரை அங்கேயே கிடந்தது. அது கமிஷன் தராத இடம். நீங்களே புதிதாக ஒரு ஐடி திறந்து, பல்கலைக்கழக இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள். பழையதன் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி இன்றைக்கே மாற்றிவிடுங்கள். தர மறுத்தால், அந்த ஐடியில் ஏற்கெனவே எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தந்த அட்மிஷன் அலுவலகத்துக்கு உங்கள் புது முகவரியை எழுதி அனுப்புங்கள்.