டியூபைத் தண்ணீரில் முக்க முடியாத பஞ்சர் கடை

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவின் பயணம் 2025 ஜூனில் தள்ளித் தள்ளிப் போனதற்கு, சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த கசிவும் ஒரு காரணம். அந்தச் செய்தி வந்ததிலிருந்து என்னிடம் இதைப்பற்றிக் கேட்காதவர் குறைவு. நான் ராக்கெட் விட்டவன் இல்லை. ஓசூர் சிப்காட்டில் 28 வருஷம் காற்றழுத்தக் கலன்களைச் சோதித்தவன். விரிசலும் கசிவும் எனக்குப் பழக்கப்பட்ட சங்கதி, அவ்வளவுதான்.

கசிவு இருப்பது தெரிந்தும் ஏன் சார் இத்தனை வருஷமாக அடைக்க முடியவில்லை? (கல்லூரி மாணவி, பாலக்கோடு)

கசிவு இருப்பது தெரிவது வேறு, ஓட்டை எங்கே என்று தெரிவது வேறும்மா. 2019இல் தெரிந்ததெல்லாம், காற்று வழக்கத்தைவிட அதிகமாகக் குறைகிறது என்பதுதான். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் கலனின் வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போம். அங்கே வெளிப்பக்கம் வெற்றிடம். ஆகவே 2020இல் ஒவ்வொரு அறையாகக் கதவைச் சாத்தி, எதில் அழுத்தம் இறங்குகிறது என்று பார்த்தார்கள். ஸ்வெஸ்தா என்ற அறை மாட்டியது.

அதற்கப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்த வருஷம் அக்டோபரில், ஒரு தேநீர்ப் பையைப் பிரித்து, தேயிலைத் துகளை மிதக்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கேமராவில் பார்த்தார்கள். எடையற்ற இடத்தில் துகள் தரையில் விழாது. காற்று இழுக்கிற பக்கம் மெல்ல நகரும். அது போய்ச் சேர்ந்த இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது.

அடைத்தார்கள். ஆனால் ஸ்வெஸ்தாவின் பின்கோடியில், சரக்குக் கலம் வந்து சேரும் அந்தக் குறுகிய சுரங்கத்தில், வேறு விரிசல்களும் இருந்தன. 2024 ஏப்ரலில் நாளுக்குச் சுமார் 1.7 கிலோ காற்று வெளியேறியது. நிலையத்தின் உள்ளளவு சுமார் 1,000 கன மீட்டர். கணக்குப் போட்டால் உள்ளே 1,200 கிலோ காற்று. அதனால் அன்றைக்கே யாருக்கும் மூச்சு முட்டாது. அளவைவிட, அது கூடிக்கொண்டே வந்ததுதான் பயம். சரக்கு ஏற்றி இறக்கும் நேரம் போக, அந்தச் சுரங்கத்தின் கதவைச் சாத்தியே வைத்தார்கள்.

விரிசல் ஏன் வந்தது என்பதில் இரு நாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. நுண் அதிர்வால் உலோகம் களைத்துவிட்டது என்கிறது ரஷ்யத் தரப்பு. அழுத்தம், உலோகத்தின் தன்மை, தயாரிப்பின்போது உள்ளே தங்கிய இறுக்கம் எல்லாம் சேர்ந்தது என்கிறது நாசா. நான் பார்த்த விரிசல்களில் ஒரே காரணத்தோடு வந்தது அபூர்வம். அதனால் நாசா பக்கம் சாய்கிறேன்.

அங்கேயே வெல்டிங் வைத்துவிட்டால் என்ன? (வெல்டர், ஓசூர்)

விண்வெளியில் வெல்டிங் நடந்திருக்கிறது தம்பி. 1969இல் சோயுஸ்-6 கலத்துக்குள் முயன்றார்கள். 1984 ஜூலையில் சோவியத் வீராங்கனை ஸ்வெத்லானா சவித்ஸ்கயா, அவர்களுடைய சல்யூத்-7 விண்வெளி நிலையத்துக்கு வெளியே நின்று, கையில் பிடிக்கும் எலக்ட்ரான் கற்றைக் கருவியால் உலோகத் தகடுகளை வெட்டியும் பற்றவைத்தும் காட்டினார். ஆனால் அவை சோதனைத் தகடுகள். மனிதர் வாழும் அறையின் அலுமினியச் சுவரில் நெருப்பு வைப்பது வேறு கதை. அலுமினியம் எப்படிச் சட்டென்று உருகி ஓட்டையாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது இறுக்கம் தங்கி, அடுத்த விரிசல் அங்கிருந்து கிளம்பும். அதனால்தான் பசை பூசியும் ஒட்டுப் போட்டும் சமாளிக்கிறார்கள்.

கேஆர்பி அணையில் மதகு உடைந்தபோது புதிதாக மாட்டினார்களே, அதுபோல் பழைய அறையைக் கழற்றிவிட்டு வேறு மாட்டக்கூடாதா? (விவசாயி, காவேரிப்பட்டணம்)

நல்ல கேள்வி ஐயா. 2017 நவம்பரில் மதகு போனபோது நீர்மட்டத்தை இறக்கிவிட்டு வேலை பார்த்தோம். இங்கே இறக்க வழியில்லை; 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை அந்த நிலையம். ஸ்வெஸ்தா 2000 ஜூலையில் விண்ணுக்கு ஏறியது. நிலையத்தை உயர்த்தித் தள்ளும் என்ஜின்கள் அதில்தான் இருக்கின்றன. அதைப் பிடுங்க முடியாது.

வெளியே மாட்டிய சாமான்களை மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். 2010 ஜூலைக் கடைசியில் அம்மோனியாவைச் சுற்றவிடும் குளிர்விப்பு பம்ப் நின்றுபோனது. 350 கிலோ எடை. ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டார் இழுத்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும். மூன்று முறை வெளியே போய் மாற்றினார்கள். 2012இல் ஒரு மின்பெட்டியின் போல்ட் இறுகி உள்ளே போகவில்லை. துளையில் உலோகத் துருவல். சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹோஷிடேவும் செப்டம்பர் 5 அன்று பல் துலக்கும் பிரஷ்ஷைக் கம்பியில் கட்டிக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து மாட்டினார்கள். பட்டறையில் நாமும் அதைத்தான் செய்வோம்.

ஆபத்து என்றால் முதலில் என்ன செய்வார்கள்? (பள்ளி ஆசிரியர், அரூர்)

கதவைச் சாத்துவார்கள். கேட்க எளிது. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் பழைய மிர் விண்வெளி நிலையத்தில் சரக்குக் கலம் மோதி, ஸ்பெக்டர் அறையில் ஓட்டை விழுந்தது. சாத்தப் போனால் கதவு வழியாகவே கேபிள்கள் ஓடின. அவற்றைக் கழற்றியும் அறுத்தும் விலக்கிய பிறகுதான் அறையை மூட முடிந்தது. அந்த அறையின் சோலார் பலகைகளிலிருந்து வந்த மின்சாரமும் அதோடு போயிற்று. வீட்டில் கதவுச் சந்து வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கதையைக் கேட்டு வைக்கலாம்.

தீ என்றால் காற்றாடிகளை நிறுத்துவார்கள். அங்கே சூடான காற்று மேலே எழும்பாது. காற்றோட்டம் நின்றால் சுடருக்கு ஆக்சிஜன் வருவது குறையும்.

நம் தலையில் விழுமா? (பென்னாகரம்)

விழ விடமாட்டார்கள். சுமார் 420 டன். அதை இழுத்து இறக்கும் கலத்தைச் செய்ய 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தாயிற்று. 2030ஐ ஒட்டி, ஆளில்லாத பசிபிக் கடல் பரப்பில் இறக்குவது திட்டம். 2001 மார்ச்சில் மிர் போனதும் பசிபிக்குக்குத்தான். அதுவரை நம் ஊர் மேலும் போய்க்கொண்டுதான் இருக்கும். பொழுது சாய்ந்த சற்று நேரத்தில், மினுக்காமல் நகரும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுவாக இருக்கலாம். சில நிமிஷத்தில் மறைந்துவிடும், மொட்டைமாடிக்கு முன்கூட்டியே ஏறிக்கொள்ளுங்கள்.