பீரோவுக்குள் பூஞ்சணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பேரேடுகள், 1930-களில் ஊரிலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள், அப்பாவின் எஃப்.ஆர்.சி. (வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழ்) எல்லாம் எங்கள் ஸ்டீல் பீரோவில் இருக்கின்றன. தாத்தாவின் காகிதங்கள் 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோதுகூடத் தப்பியவை. இந்த மழையில் திறந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, ஒரே புழுக்க வாடை. வெயிலில் போடு என்கிறார் மாமியார், லேமினேட் பண்ணிவிடலாம் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்க?
– ஒரு வாசகி, யாங்கூன் (ரங்கூன்), மியான்மர்

பதில்: முதலில் மகனைத் தடுங்கள் அம்மா. லேமினேட் செய்தால் சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது, போதாததற்கு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும். மாமியார் சொல்வது பாதி சரி. காயத்தான் வேண்டும், ஆனால் நேர் வெயிலில் மை வெளுத்துப்போகும், காகிதம் முறுமுறுவென்று ஆகி மடித்த இடத்தில் ஒடியும். நிழல் போதும்.

பூஞ்சண விதை இல்லாத காற்றே கிடையாது, அதனால் மருந்தடித்து ஒழித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஈரப்பதம் ஏறத்தாழ 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அது முளைக்கும், குறைந்தால் தூங்கும், அவ்வளவுதான். ரங்கூனில் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை காற்றே ஈரத்துணி. வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவில் அந்த ஈரம் போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டில் காகிதமே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள் (வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவர் அந்தப் பக்கமே வர வேண்டாம்), பூத்தவற்றைத் தனியே பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் தூரிகை நுனியால் ஓர் ஓரத்தை லேசாகத் தொட்டுப் பாருங்கள். மை போல இழுகினால் அது உயிரோடு இருக்கிறது, அந்த நிலையில் துடைத்தால் காகித நாருக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். உள்ளதில் உலர்ந்த அறையில் விரித்து வைத்து, மின்விசிறியை ஜன்னலைப் பார்த்து வெளியே ஊதுகிற மாதிரி திருப்புங்கள், காகிதத்தின் மேல் ஊதினால் விதை வீடு முழுக்கப் பரவும். பொடியாக உதிரத் தொடங்கியபின் மென்மையான தூரிகையால் வராந்தாவில் வைத்துத் தட்டிவிடலாம். அவசரமில்லை, முழுச் சுத்தத்தை டிசம்பருக்கு ஒத்திப்போட்டாலும் நல்லதுதான். ஈரத்துணி மட்டும் கூடவே கூடாது, பழைய ஊதா முத்திரையும் காப்பிங் பென்சில் எழுத்தும் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே கரைந்து ஓடிவிடும்.

ஃபிரீசரில் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். குளிரில் பூஞ்சணம் சாகாது, வளராமல் நிற்கும். கரன்ட் போய்ப் போய் வரும் வீட்டில் உருகி மறுபடி நனையும், நமக்கு ஒத்துவராது.

நன்றாகக் காய்ந்த பிறகு காற்றுப்புகாத மூடிப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் போடுவது காசுக்குக் கேடு. ஈரத்தோடு பெட்டியில் அடைத்தாலோ, பீரோவே தேவலாம் என்று ஆகிவிடும்.

கேள்வி: அந்து உருண்டையும் வேப்பிலையும் போட்டு வைத்திருக்கிறேன். போதாதா?
– ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: இரண்டும் பூச்சிக்கு. இராமபாணப் பூச்சி கொஞ்சம் விலகிப் போகலாம், பூஞ்சணம் கண்டுகொள்ளாது. பச்சை வேப்பிலை போட்டிருந்தால் உடனே எடுங்கள், பெட்டிக்குள் நீங்களே ஈரத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். அந்து உருண்டையின் ஆவி குழந்தைகள் படுக்கும் அறைக்கு ஆகாது.

கேள்வி: எங்கள் கோயில் பழைய நிர்வாகக் குறிப்பேட்டில் துருநிறப் புள்ளிகள். பிளீச்சிங் தண்ணீரில் துடைக்கலாமா?
– ஒரு வாசகர், பெகு

பதில்: வேண்டவே வேண்டாம், புள்ளியோடு எழுத்தும் போகும், காகிதமும் நைந்துவிடும். காகிதத்திலுள்ள இரும்புத் துணுக்காலும் இப்படி வரும், பழைய பூஞ்சணத்தாலும் வரும். படிக்க முடிகிறதல்லவா? அப்படியே விடுங்கள்.