சிம்மை மாற்றலாம், டவரை மாற்ற முடியுமா?

போன மாதம் ரீசார்ஜ் விலையைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: செல்போன் கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டே போனால் நம் கதி என்ன? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

கே: அண்ணா, சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனை ரீசார்ஜ் கடையில் பத்து கம்பெனி போர்டு தொங்கும். இப்போது நாலுதான். மற்றவர்கள் எங்கே போனார்கள்? அதனால் எனக்கு என்ன நஷ்டம்?

ப: அந்தக் கடைகள் எனக்கும் கண்ணிலேயே நிற்கின்றன. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் நண்பன் ஒருவன் வைத்திருந்தான். சாயங்காலம் போய் உட்கார்ந்தால், கால் வைக்கிற இடமெல்லாம் சுரண்டிப் போட்ட டாப்-அப் கார்டு கிடக்கும். எட்டணாக் காசால் சுரண்டும்போது வருகிற அந்தச் சாம்பல் தூள் கண்ணாடி மேசை முழுக்கப் படிந்திருக்கும். ஒரு கம்பெனி ஆள் வந்து போனால் அடுத்த கம்பெனி ஆள் வந்து நிற்பார், "எங்க சிம்மை முன்னாடி வைங்கண்ணே" என்பார். ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, ரிலையன்ஸ், டாடா டோகோமோ, பி.எஸ்.என்.எல்., எம்.டி.எஸ்., யூனினார், வீடியோகான் என்று சுவரில் இடம் இருக்காது.

இன்று மிஞ்சியது ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். என்ற நாலுதான். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 2ஜி வழக்கில் 122 லைசென்ஸ்களை ரத்து செய்ததில் சில பெயர்கள் அப்போதே மங்கிவிட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாகக் கொடுத்துக்கொண்டு வந்தபோது மிச்சமிருந்தவர்களுக்கு மூச்சு முட்டியது. எம்.டி.எஸ். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்தது, அந்த ரிலையன்ஸ் 2017 கடைசியில் செல்போன் பேச்சுச் சேவையையே நிறுத்தியது. யூனினார் பிற்பாடு டெலினார் ஆகி, 2018-இல் ஏர்டெல்லுக்குப் போனது. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று ஒன்றாயின. டாடாவின் செல்போன் வியாபாரத்தை 2019 ஜூலையில் ஏர்டெல் எடுத்துக்கொண்டது. நம் தமிழ்நாட்டிலேயே பிறந்த ஏர்செல், ரிலையன்ஸோடு சேரப் பார்த்து, 2017 அக்டோபரில் அந்தப் பேச்சு முறிந்து, 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அந்த மாதம் சிக்னலே இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான போர்ட் கோடு வாங்க எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாமல் ஊரெல்லாம் ஜனங்கள் அலைந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கம்பெனிகளின் இணைப்பு என்றாலே கெட்டது என்று நான் சொல்லாததற்கு அதுவே காரணம். சேராமல் நொடித்துப்போன கம்பெனியின் வாடிக்கையாளர், சேர்ந்த கம்பெனியின் வாடிக்கையாளரைவிட அதிகம் பட்டார்.

நஷ்டம் என்ன என்று கேட்டீர்கள். 2009 ஜூனில் டாடா டோகோமோ வந்தபோது "நொடிக்கு ஒரு பைசா" என்றது. அதுவரை நாலு நொடி பேசினாலும் முழு நிமிஷத்துக்குக் காசு. "வந்துட்டேன், கீழ நிக்கிறேன்" என்று சொல்லி வைத்தால் ஒரு நிமிஷக் காசு போய்விடும். புதிதாக வந்த சின்ன ஆளுக்கு இழக்க ஒன்றும் இல்லை, அதனால் துணிந்து செய்தான். சில மாதத்தில் பெரிய கம்பெனிகள் அத்தனையும் அதே வழிக்கு வர வேண்டியதாயிற்று. கவனியுங்கள், டோகோமோ சிம்மே வாங்காதவருக்கும் அதில் லாபம் கிடைத்தது. இணைப்பு நடக்கும்போது பெரும்பாலும் விழுங்கப்படுகிறவன் இந்த மாதிரி ஆள்தான்.

அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்தது. 2011-இல் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி, நாலாவது இடத்தில் இருந்த டி-மொபைலை 3,900 கோடி டாலருக்கு வாங்க வந்தது. அரசே வழக்குப் போட்டுத் தடுத்தது, டிசம்பரில் கைவிட்டார்கள். பிழைத்த டி-மொபைல் 2013-இல், வாடிக்கையாளரை இரண்டு வருஷம் கட்டிப்போடும் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தது, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அதே டி-மொபைல் 2020-இல் ஸ்பிரின்ட்டை வாங்கி, நாலு பெரிய கம்பெனியை மூன்றாக்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். வெள்ளி கொடுத்து வேலை வாங்குகிற வியாபாரிகள் செவ்வாய்பேட்டையில் இருபது பேர் இருந்தால் கூலி பேச உங்களுக்குத் தெம்பு இருக்கும். இரண்டே பேர் என்றால்? கூலியை அவர்கள் குறைக்காமலே இருக்கலாம், ஆனால் ஏற்றிக் கேட்கிற தெம்பு உங்களிடம் இருக்காது.

கே: நம்பர் போய்விடுமா, பேலன்ஸ் போய்விடுமா என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். — வாசகி, சூரமங்கலம்

ப: முறையாக நடக்கிற இணைப்பில் நம்பரும் போகாது, போட்ட ரீசார்ஜும் அதன் வேலிடிட்டி முடியும் வரை இருக்கும். பழைய பிளான் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம். சிம் மாற்றச் சொல்லி யாராவது போன் செய்து ஓ.டி.பி. கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இந்த நேரத்தைப் பார்த்து ஏமாற்றுகிறவர்கள் கிளம்புவார்கள்.

கே: ஐயா, ஏற்காடு நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். "பிடிக்கலையா, போர்ட் பண்ணிக்கோ" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். எங்கள் லைன் வீடுகளில் ஒரே ஒரு கம்பெனி டவர்தான் கிடைக்கிறது. நான் எங்கே போவது?

ப: வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாத கடிதம் உங்களுடையது. மேலே நான் நாலு கம்பெனி என்று எழுதினேனே, அது சேலம் ஐந்து ரோட்டில் நிற்கிறவனுக்கு நாலு. உங்களுக்கு ஒன்று. போட்டி இருக்கிறதா இல்லையா என்று டெல்லியில் கணக்குப் பார்க்கும்போது தமிழ்நாட்டை மொத்தமாக ஒரே டெலிகாம் வட்டமாக (சர்க்கிள்) எடுத்துக்கொள்கிறார்கள். 2014-இல் வந்த விதிப்படி, இணைந்த கம்பெனியின் பங்கு ஒரு வட்டத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஒரு வருஷத்துக்குள் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கிற ஊர்கள் தனியாகத் தெரியாது. உங்கள் ஊரில் ஒருவனுக்கே நூற்றுக்கு நூறு என்றாலும் தமிழ்நாட்டுக் கணக்கு சரியாகவே இருக்கும்.

என் தாய்மாமா வீடு மலையில்தான். அங்கே முன்பு இரண்டு கம்பெனி டவர் கிடைக்கும், ஒன்று படுத்தால் இன்னொன்று. அந்த இரண்டும் ஒன்றான பிறகு, ஒரே மலையில் இரண்டு டவருக்கு வாடகை, கரண்ட், டீசல் எதற்கு என்று ஒன்றை நிறுத்திவிட்டார்கள். ஊருக்குள் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மலையில் அப்படி இல்லை. ஒரு முகட்டைச் சுற்றித் திரும்பினால் சிக்னல் செத்துவிடும். மிஞ்சிய டவர் அந்தப் பக்கத்துச் சரிவைப் பார்த்தது, மாமா வீடு இந்தப் பக்கம். இப்போது அவர் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஜன்னலின் மேல் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறார், அங்கே மட்டும் இரண்டு பாயிண்ட் வரும். மணி அடித்தால் ஓடிப்போய் ஸ்பீக்கரில் போட்டு அண்ணாந்து கத்திப் பேசுகிறார், வீட்டு விஷயம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அத்தைக்கு மாரடைப்பு மாதிரி வலி வந்த ராத்திரி, கேரி பேக் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துக் கிழித்தார். கம்பெனிக்காரர்கள் இணைப்பினால் இத்தனை கோடி மிச்சம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைதான் ஞாபகம் வருகிறது.

ஒரே இடம், வேறு வழியில்லை என்பது உங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. விளைந்த காபியை, எல்லோருடையதையும் ஒன்றாகச் சேர்த்து விற்கிற காபி போர்டு பூலுக்கே கொடுத்தாக வேண்டும் என்று இருந்த காலத்தை, அது தொண்ணூறுகளின் நடுவில் முழுசாகத் தளர்ந்ததை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நான் எழுதுவதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, செய்ய என்ன இருக்கிறது? டிஜிட்டல் பாரத் நிதி என்ற அரசுப் பணத்தில் நட்ட 4ஜி டவர்களில், பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் யாராக இருந்தாலும் பேசலாம் என்ற ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. டவர் ஒருவருடையது, அலை எல்லோருக்கும். என்னைக் கேட்டால் மலைக்கு இதுதான் மருந்து, ஒரே டவர் நிற்கிற எல்லா இடத்திலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும், இனி எந்த இணைப்புக்கும் அனுமதி கொடுக்கும்போது இதை நிபந்தனையாகவே வைக்க வேண்டும். சிக்னல் எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி அந்த வேலையை பி.எஸ்.என்.எல்.லிடம் கொடுத்தது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி மூலமாகவே எழுதிக் கேளுங்கள், தனி ஆள் மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம். கம்பெனிகள் தங்கள் கவரேஜ் மேப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்பது இப்போது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. அதில் உங்கள் லைன் வீடுகள் பச்சையாக இருந்து கையில் டவர் இல்லை என்றால், அந்த மேப்பைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதில் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். ட்ராய் தனி ஆள் புகாரை எடுத்துக்கொள்வதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.

கே: சார், ஜியோ வந்த பிறகுதானே டேட்டா மலிவானது? கம்பெனி குறைந்தும் விலை குறைந்ததே, அப்போது போட்டி போட்டி என்று ஏன் புலம்ப வேண்டும்? — கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

ப: நல்ல கேள்வி தம்பி, ஆனால் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். 2016-க்கு முன் மாசத்துக்கு 1 ஜி.பி.க்கு சுமார் 250 ரூபாய் கொடுத்தோம். விலை விழுந்தது ஒரு கம்பெனி புதிதாக உள்ளே வந்ததால். மற்றவர்கள் வெளியேறியது அதற்குப் பிறகு. அவர்கள் போய் முடிந்த பின் என்ன நடந்தது என்று பாருங்கள்: 2019 டிசம்பரில் ஏற்றம், 2021 நவம்பர் கடைசியில் ஏற்றம், 2024 ஜூலையில் ஏற்றம். இன்னும் உலகத்தில் பல நாடுகளைவிட நமக்கு டேட்டா மலிவுதான், அதை மறுக்கவில்லை. கட்டுப்படியாகாத விலைக்கு விற்றுக் கம்பெனிகள் கடனில் மூழ்கியதும் உண்மைதான். வோடஃபோன் ஐடியா சேர்ந்தபோது 40 கோடி வாடிக்கையாளரோடு நாட்டிலேயே பெரியது, இன்று அதில் பாதிதான் மிச்சம். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியைப் பங்காக மாற்றி மாற்றி, 2025-இல் அதில் கிட்டத்தட்ட 49 சதவீதம் அரசு கைக்கு வந்துவிட்டது. அதுவும் விழுந்தால் தனியாரில் இரண்டே பேர்.

கே: ஆத்தூர் பக்கம் மரவள்ளி போட்டிருக்கிறேன். மூணு தனியார் கம்பெனியும் சொல்லி வைத்த மாதிரி ஒரே வாரத்தில் விலை ஏற்றுகிறார்களே, இது சிண்டிகேட் இல்லையா? கேட்க நாதி இல்லையா?

ப: கிழங்கு வெட்டுகிற காலத்தில் மாவுச்சத்துப் பாயிண்டுக்கு இவ்வளவு என்று எல்லா சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியும் ஒரே விலை சொல்லும்போது நீங்கள் பல்லைக் கடிப்பீர்களே, அதே கோபம் இதில் தெரிகிறது. 2024-இல் ஜியோவும் ஏர்டெல்லும் ஜூலை 3, வோடஃபோன் ஐடியா ஜூலை 4. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சட்டத்தில், விலை ஒன்றாக இருப்பது மட்டும் குற்றமில்லை, கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று காட்ட வேண்டும். இப்படி மூன்று பேர் கையில் இருக்கிற சந்தையில் கூடிப் பேசவே தேவையில்லை, ஒருவர் ஏற்றியதைப் பார்த்து மற்ற இருவரும் ஏற்றிவிடலாம். இணைப்புக்கு முன்பே அணை போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான், பிறகு பிடிக்க முடியாது.

அந்த அணை இந்தியப் போட்டி ஆணையத்தின் கையில் இருக்கிறது, தொலைத்தொடர்புத் துறையும் தனியாக அனுமதி தர வேண்டும். அவர்கள் பார்க்கிற கணக்குகளில் ஒன்று எளிது: ஒவ்வொருவர் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். நாலு பேருக்கு ஆளுக்கு 25 என்றால் 2,500 வரும். அதில் இருவர் சேர்ந்தால் 50, 25, 25, அதாவது 3,750. எண் ஏற ஏறச் சந்தை சில கைக்குள் இறுகுகிறது என்று அர்த்தம். விலையை மட்டும் ட்ராய் முடிவு செய்வதில்லை, கம்பெனி தானே வைத்துக்கொண்டு பிறகு தெரிவித்தால் போதும்.

ஆனாலும் நாதி இல்லாமல் இல்லை. அந்த 2024 ஜூலையில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள், மூன்று தனியாருக்கும் ஆள் குறைந்தது. டவர் சரியில்லை என்று பலர் பிறகு திரும்பியும் போனார்கள், அதற்குக் கோபப்பட வேண்டியது அவர்கள் மேல் இல்லை, பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி கொடுக்க இத்தனை வருஷம் இழுத்தடித்தவர்கள் மேல். விலை ஏற்றுகிறவன் கொஞ்சம் யோசிக்க வேண்டுமானால் அந்த நாலாவது கதவு திறந்து இருக்க வேண்டும்.

கே: அம்மாவுக்குப் பட்டன் போன்தான். நெட்டே வேண்டாம், பேசினால் போதும். அதற்கும் டேட்டாவோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் பண்ணணுமா? — வாசகி, மேச்சேரி

ப: வேண்டியதில்லைம்மா. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பிளான் தனியாகக் கொடுத்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் சொல்லி, 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்தன. ஒரு வருஷ வேலிடிட்டி வரைக்கும் கொடுக்கலாம். ஆப்பில் உடனே கண்ணில் படாது, கீழே தள்ளிக்கொண்டே போய்த் தேடுங்கள், இல்லை கடைக்காரரிடம் "வாய்ஸ் ஒன்லி" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு 13 முறை போட வேண்டி வரும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மாசா மாசம் அதே தேதியில் போடுகிற பிளான் ஒன்றாவது எல்லோரும் வைத்திருக்க வேண்டும் என்பதும் 2022-இல் வந்த உத்தரவு. அம்மாவுக்குப் பென்ஷன் வருகிற தேதியைப் பார்த்து அதைப் போட்டுவிடுங்கள்.