செயலியில் ஒலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாடங்களைப் பேச்சொலியாகத் தரும் ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறேன். ஆண்ட்ராய்டின் ஒலி இயக்கியான மீடியாபிளேயரில் ஸ்டார்ட் கொடுத்தால் சில சமயம் பாடுகிறது; சில சமயம் லாகில் (செயலியின் இயக்கப் பதிவில்) ‘எரர் -38’ மட்டும் வருகிறது. பாடினாலும், திரையை அணைத்த சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

பிளேயர் தயாராகும் முன்பே வேலை ஏவினால் -38 வரும். கோப்பைக் காட்டியதும் அது தயாராகிவிடாது. பின்னணியில் தயாராக்கும் ‘பிரிப்பேர்அசிங்க்’ அழையுங்கள், தயார் என்னும் அறிவிப்பான ‘ஆன்பிரிப்பேர்டு’ வந்த பிறகே ஸ்டார்ட் கொடுங்கள். ஒலி எதுவரை ஓடியது என்று காட்டும் சீக்பாரை நகர்த்த டைமர் வைத்திருந்தால் அதையும் பாருங்கள்: தயாராகாத பிளேயரிடம் ‘மொத்தம் எவ்வளவு நீளம்’ என்று கேட்டாலும் இதே எண்தான் வரும். வெறும் ‘பிரிப்பேர்’ போட்டுத் தப்பிக்க நினைக்காதீர்கள். இணையக் கோப்பாக இருந்தால் அது வந்து சேரும்வரை திரை உறைந்துவிடும்.

திரை அணைந்ததும் நிற்பதற்குக் காரணம், பிளேயரை ஆக்டிவிட்டிக்குள் (செயலியின் ஒரு திரைக்கான நிரல்) வைத்திருப்பது. பின்னணிக்குப் போன செயலியை ஆண்ட்ராய்டு எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். மீடியா3 நூலகத்தின் ‘மீடியாசெஷன்சர்வீஸ்’ (திரையின்றிப் பின்னணியில் இயங்கும் பகுதி) ஒன்றை எழுதி, அந்நூலகத்தின் பிளேயரான எக்ஸோபிளேயரையும், அதை வெளியிலிருந்து கட்டுப்படுத்த உதவும் மீடியாசெஷனையும் அதற்குள் வையுங்கள். திரையில் அதற்குக் கட்டளை அனுப்பும் ‘மீடியாகன்ட்ரோலர்’ மட்டும் இருந்தால் போதும். பூட்டுத்திரைப் பொத்தான்களும் இதோடு கிடைத்துவிடும். மேனிஃபெஸ்டில் (செயலியின் விவரக் கோப்பு) அந்த சர்வீஸுக்கு ‘மீடியாபிளேபேக்’ என்று வகை குறிப்பிடுங்கள். ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைக்கும் செயலிக்குப் பொதுவான ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (பயனருக்குத் தெரியும்படி இயங்கும் சர்வீஸ்) அனுமதி மட்டும் போதாது. மீடியாபிளேபேக்குக்கான தனி அனுமதியும் வேண்டும். அது விடுபட்டால் பாட்டைத் தொடங்கும் இடத்திலேயே செயலி விழும். இணையத்திலிருந்து ஒலிப்பதென்றால் திரை அணைந்தபின் கருவி உறங்காமல் காக்கும் வேக்மோடை ‘நெட்வொர்க்’ என வைக்க மறக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் பலர் விட்டுவிடுவது ஆடியோ ஃபோகஸ், அதாவது இப்போது எந்தச் செயலி ஒலிக்கலாம் என்ற முறை. அழைப்பு வரும்போது பாடமும் சேர்ந்து ஒலித்தால் கேட்பவர் செயலியையே நீக்கிவிடுவார். எக்ஸோபிளேயரில் ‘செட்ஆடியோஆட்ரிபியூட்ஸ்’ அழைக்கையில் இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுங்கள், ஃபோகஸை அதுவே கவனித்துக்கொள்ளும். உங்களுடையது பேச்சு என்பதால் உள்ளடக்க வகையை ‘ஸ்பீச்’ என்று வைப்பது மிக முக்கியம். வழிகாட்டிச் செயலி நடுவே குரல் கொடுக்கும்போது இசை என்றால் ஒலியளவு மட்டும் குறையும். பேச்சு என்றால் நின்று, பிறகு தொடரும். மெல்லிய குரலில் ஒரு வாக்கியம் கைநழுவிப் போகாது. ‘செட்ஹேண்டில்ஆடியோபிகமிங்நாய்சி’யையும் ட்ரூ ஆக்குங்கள், ஹெட்போனைப் பிடுங்கினால் பாடம் ஸ்பீக்கரில் அலறாமல் நின்றுவிடும்.

கேள்வி: ஐபோனில் சைலன்ட் சுவிட்ச் போட்டிருந்தால் என் செயலியில் ஒலியே வருவதில்லை.

பதில்: செயலி ஒலியை எப்படிப் பயன்படுத்தும் என்று ஐபோனுக்குச் சொல்லும் ஆடியோ செஷனின் இயல்பான வகை ‘சோலோஆம்பியன்ட்’. அது சைலன்ட் சுவிட்சுக்கும் திரைப்பூட்டுக்கும் கட்டுப்படும். வகையை ‘பிளேபேக்’ என மாற்றி, செயலியின் அமைப்புகளில் உள்ள பேக்கிரவுண்ட் மோட்ஸில் ஆடியோவை டிக் செய்யுங்கள். செஷனைச் செயலி திறந்ததுமே இயக்கிவிடாதீர்கள். பயனர் வேறொரு செயலியில் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு காரணமின்றி நின்றுபோகும். பிளே அழுத்தும் நேரத்தில் இயக்குங்கள். அழைப்பு முடிந்த அறிவிப்பில் ‘ஷுட்ரெஸ்யூம்’ (தொடரலாம் என்னும் குறிப்பு) இருந்தால் மட்டுமே தொடருங்கள். அழைப்புக்கு முன்பே பயனர் தானே நிறுத்தியிருந்தால் அப்போதும் தொடரக்கூடாது. அதற்கென ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளையாட்டின் பின்னணி இசை எம்பி3. சுற்றித் திரும்பும்போதெல்லாம் சின்ன விக்கல். பொத்தான் ஒலியும் முதல் தடவை வருவதில்லை.

பதில்: எம்பி3 கோப்பு 1152 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) கொண்ட ஃபிரேம்களால் ஆனது, 44,100 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 26 மில்லி செகண்ட். ஒலியை எம்பி3 ஆக்கும் என்கோடர் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்க்கும், கடைசி ஃபிரேமை மௌனத்தால் நிரப்பும். அதுதான் அந்த விக்கல். ஆண்ட்ராய்டில் ஓஜிஜி என்னும் கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். குறுகிய துண்டென்றால் சுருக்கப்படாத வேவ் கோப்பு போதும்; ஆனால் 16 பிட் ஸ்டீரியோ வேவ், நொடிக்கு 1,76,400 பைட் பிடிக்கும். எம்பி3-ஐயே வேவாக மாற்றினால் மௌனமும் கூடவே வந்துவிடலாம், மூல ஒலியிலிருந்து மறுபடி எடுங்கள்.

பொத்தான் ஒலிக்கு, குறுகிய ஒலிகளை நினைவகத்தில் ஏற்றி வைக்கும் ஆண்ட்ராய்டின் சவுண்ட்பூல் சரியான தேர்வுதான். ‘லோட்’ உடனே ஒரு எண்ணைத் திருப்பித் தந்தாலும் ஒலி பின்னணியில்தான் ஏறிக்கொண்டிருக்கும். அதற்குள் பிளே அழைத்தால் 0 வரும், சத்தம் வராது. திரை திறக்கும்போதே ஏற்றிவிட்டு, ஏறி முடிந்தது என்னும் ‘ஆன்லோட்கம்ப்ளீட்’ அறிவிப்பு வந்தபின் பொத்தானை இயக்குங்கள்.