‘ஒரு நாளாவது மாத்திவிட ஆள் வேணும் சிஸ்டர்’: நீலகிரியில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகள்

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் செவிலியர் நான். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் 14 வருடமாக இதுதான் வேலை. உள்ளே நுழைந்ததும் நோயாளி எப்படி இருக்கிறார் என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் இருக்காது. அதனால் இந்த முறை நோயாளியைப் பற்றி வேண்டாம், உங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன். ஆள் பெயரை எடுத்துவிட்டு ஊர் பெயரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கோத்தகிரி, மருமகள்: மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, துணி மாத்துறது எல்லாம் நான்தான். சில நேரம் கோவத்துல கையை வெடுக்குனு இழுத்துடறேன். அப்புறம் அடுப்படியில நின்னு அழுவேன். நான் கெட்டவளா சிஸ்டர்?

இல்லைம்மா. பராமரிக்கிறவரின் சுமையை அளக்க 1980இல் ஸ்டீவன் ஜாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. இன்று பல நாடுகளில் பயன்படுவது அதன் 22 கேள்வி வடிவம். ‘அவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா?’ என்பதே அதில் ஒரு கேள்வி. கோபம் இந்த வேலையோடு சேர்ந்து வருவது என்று தெரிந்துதான் கேட்கிறார்கள்.

ஒரு வாரம், கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். உங்களைப் போலவே ஒரு மருமகள் இருந்தார். அவருக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கோபம் வரும். ஒரு நாள் அந்த நேரத்தில் போனேன். சமையல் மேடையில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. திறந்தால் சோற்றின் மேல் சாம்பார் ஆடை கட்டிக் கிடந்தது. மாமியாருக்குக் கஞ்சி, மாமனாருக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குப் பால் என்று எல்லாம் முடிந்திருந்தது. காலையில் குடித்த டீயோடு நின்றுகொண்டிருந்தார் அவர். அதைக் கோபம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பசி அது.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்க, அதில் ஈடுபட்ட பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76. அதாவது நோயாளி என்ற வேலை, ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

உங்கள் கணவரிடம் ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று கேட்காதீர்கள். அது அவருடைய அம்மா. ராத்திரி 9 மணிக்கு டயப்பர் மாற்றித் திருப்பிப் படுக்க வைப்பது அவர் வேலை என்று நேரம் சொல்லி ஒப்படையுங்கள். நான் வரும் நாளில் அவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், நானே சொல்லித் தருகிறேன். கை ஓங்குகிற அளவுக்கு வந்துவிட்டால் வாசலுக்கு வந்து 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

உதகை, கல்லூரி மாணவி: வெளிநாட்டில் பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுகிறார்கள். நம்மிடம் குடும்பப் பாசம் இருப்பதால் பார்த்துக்கொள்பவர்களுக்கு மன அழுத்தம் குறைவுதானே?

நானும் அப்படி நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆய்வுகள் சொல்வது வேறு. மார்ட்டின் பின்குவார்ட், சில்வியா சோரென்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2005இல் வெளியிட்டார்கள். வெள்ளையரைவிடச் சிறுபான்மை இனத்தவரிடம் கடமை உணர்வும் அதிகம், உறவினர் துணையும் அதிகம். கறுப்பினப் பராமரிப்பாளர்களிடம் சுமையும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. ஆனால் ஆசிய, ஹிஸ்பானிய வம்சாவளியினரிடம் மனச்சோர்வு அதிகம். உடல்நலமோ எல்லாச் சிறுபான்மையினரிடமும் மோசம்.

பாப் நைட் என்ற உளவியலாளர், குடும்பம்தான் முக்கியம் என்று நினைக்கிறவர் பராமரிப்பைச் சுமையாக உணர மாட்டார் என்றுதான் முதலில் எதிர்பார்த்தார். தரவுகள் அதற்கு ஒத்துவரவில்லை. 2010இல் அவருடைய குழு கருத்தை மாற்றிக்கொண்டது: பண்பாடு வேலை செய்வது, ஒருவருக்கு என்ன துணை கிடைக்கிறது, அவர் கஷ்டத்தை எப்படிச் சமாளிக்கிறார் என்ற வழியில்தான் என்றார்கள்.

மலையில் நான் பார்ப்பதும் இதுவே. பாசம் இருக்கிறது, பொய்யில்லை. அந்தப் பாசம் நாலு பேரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பார்த்துக்கொள்பவர் தெம்பாக இருக்கிறார். ‘நீ மகராசி, உன்னை மாதிரி யாரு பார்ப்பா’ என்று சொல்லிவிட்டு ஆப்பிளை வைத்துப் போய்விட்டால், அந்தப் புகழே அவர் வாயைக் கட்டிப்போடுகிறது. மகராசி எப்படி ‘என்னால முடியல’ என்று சொல்வாள்?

அரவங்காடு, ஓய்வு பெற்றவர்: மனைவிக்கு மறதி நோய். நானே குளிப்பாட்டி உடுத்துகிறேன். பிள்ளைகள் வெளியூர். தெருவில் ‘பொம்பளை வேலை பார்க்கிறார்’ என்கிறார்கள். வெளியே போவதையே விட்டுவிட்டேன்.

ஐயா, முதலில் வணக்கம். பின்குவார்ட்டும் சோரென்சனும் 2006இல் ஆண், பெண் வித்தியாசத்தையும் பார்த்தார்கள். பெண்களுக்குச் சுமையும் மனச்சோர்வும் கூடுதல்தான். ஆனால் அந்த இடைவெளி நாம் நினைக்கிற அளவு பெரிதில்லை. பெண்கள் அதிக நேரம், அதிக வேலை செய்வதே அதில் பெரும்பகுதியை விளக்குகிறது. அதே வேலையைத் தனியாளாகச் செய்யும் ஆணுக்கும் அதே முதுகுவலிதான். பெண்கள் குழாயடியிலாவது சொல்லி அழுதுவிடுகிறார்கள். நீங்கள் அதையும் செய்வதில்லை.

புடவையோடு போராட வேண்டாம், முன்பக்கம் திறக்கிற நைட்டி போதும். குளிக்க மறுத்தால் வற்புறுத்தாமல் வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்துவிடுங்கள். பழைய சிநேகிதர் ஒருவரை வீட்டுக்கே டீக்குக் கூப்பிடுங்கள். உங்கள் மனைவியின் நிலையை அவர் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தவர்கள் கேலி பேசி நான் கேட்டதில்லை.

பந்தலூர், எஸ்டேட் தொழிலாளி: அம்மாவுக்குக் கேன்சர். காலையில பிரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு) போனாத்தான் பேரு விழும், நான் பாதி நாள் போறதில்ல. அண்ணன் திருப்பூர்ல இருந்து பணம் அனுப்பிட்டு ‘நான்தான் பார்த்துக்கறேன்’னு சொல்லுது. எனக்குக் கல்யாணம் ஆகலன்னு எல்லாம் என் தலையில.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல உங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே பாதி, இங்கே பாதி என்று உறவு சிதறியதால் லயத்தில் (எஸ்டேட்டின் வரிசை வீடுகளில்) பக்கத்து வீடுதான் சொந்தம். அந்தச் சொந்தத்திடம் குறிப்பாகக் கேளுங்கள். ‘நான் கொழுந்தை எடை போட்டுட்டு வர்ற வரைக்கும், பத்து மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து ஒரு வாய் தண்ணி குடுங்க.’ இவ்வளவு சின்னதாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

அண்ணனுக்காக ஒரு நோட்டு போடுங்கள். வேலைக்குப் போகாத நாள், போன கூலி, ஆஸ்பத்திரி ஜீப் செலவு, எத்தனை முறை ராத்திரி எழுந்தீர்கள் என்று ஒரு மாதம் எழுதுங்கள். சண்டை போடாமல் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பணத்தோடு, வருடத்தில் இரண்டு முறை ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள். அந்த வாரம் நீங்கள் தூங்குங்கள்.

வலிக்கு ‘மார்ஃபின்’ (morphine) என்ற மாத்திரை இருக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. அம்மா வலியில்லாமல் தூங்கினால்தான் உங்களுக்கும் தூக்கம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சை தருகிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைக் கொடுங்கள்.

குன்னூர், மகள்: அம்மா என் வீட்டில் இருக்கிறார். ‘மருமகன் வீட்டுச் சோறு’ என்று அரை வயிறுதான் சாப்பிடுகிறார். தம்பி மனைவிதானே பார்க்கணும் என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 ‘பிள்ளைகள்’ என்று சொல்வது மகன், மகள், பேரன், பேத்தியை. மகனும் மகளும் அதில் சமம். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. மருமகள், மருமகனைச் சேர்க்க 2019இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆக தம்பி மனைவியைக் கைகாட்டுவது ஊர் வழக்கம். பொறுப்பு தம்பிக்கும் உங்களுக்கும். அவர் செலவில் பங்கு தர மறுத்தால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க அம்மாவுக்கு உரிமை உண்டு. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

அம்மாவின் கூச்சத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை. அவருடைய முதியோர் உதவித்தொகையில் அரிசியோ பாலோ அவர் கையாலேயே வாங்க வையுங்கள். ஒரு வீட்டில் இதைச் செய்த பிறகு பாட்டி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கியதைப் பார்த்தேன்.

மஞ்சூர்: இந்தக் குளிரில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து திருப்ப முடியல.

படுக்கைப்புண் வராமல் இருக்கத் திருப்பத்தான் வேண்டும், ஒரே ஆள் திருப்ப வேண்டியதில்லை. பத்திலிருந்து ரெண்டு ஒருவர், ரெண்டிலிருந்து ஆறு இன்னொருவர். ஏர் பெட் இருந்தாலும் திருப்புவதை நிறுத்த வேண்டாம். உணர்ச்சி இல்லாத பக்கத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், வெந்துபோவது தெரியாது.

கூடலூர், மகன்: அம்மா போய் நாலு மாசம். இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து அந்த அறைக்குப் போயிடறேன். போன அன்னைக்கு எனக்கு முதல்ல நிம்மதிதான் வந்துச்சு. அதை யார்கிட்டயும் சொல்லல.

என்னிடம் சொல்லிவிட்டீர்கள், நல்லது. அந்த நிம்மதி அம்மாவுக்கும் சேர்த்து வந்தது தம்பி. அவர் மூச்சு திணறியதை மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள். உடம்பு பழகிய நேரத்துக்கு முழிக்கிறது. எழுந்தால் விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். இன்னும் பல வாரம் தூக்கம் கூடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த அறையில் ஏர் பெட் இன்னும் மடிக்காமல் இருக்கிறது என்று உங்கள் தங்கை சொன்னார். தேவர்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் அது தேவைப்படுகிறது. உங்களுக்கு மனம் வரும்போது சொல்லுங்கள். நான் வந்து எடுத்துப்போகிறேன், இல்லை நீங்களே என்னோடு வந்து அதை எப்படிப் போடுவது என்று அந்தப் பையனுக்குக் காட்டிக் கொடுங்கள். அவனும் ஒரே மகன்தான்.